ஜீப்பும் கொட்டகுடி ஆறும்
(போடிநாயக்கனூரில் ஜீப் ஓட்டுநர்கள், மலையேற்ற ஆர்வலர்கள் கூட்டத்தில் பேசியது)

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர் அவர்களே, வனச்சரக அலுவலர் அவர்களே, பொன்னாடை போர்த்திய வர்த்தகப் பெருமக்களே, ஒலிபெருக்கிக்குக் காசு வாங்காத தம்பி அவர்களே, யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாதை, குப்பை, ஆறு என்று மூன்று விஷயம் பேச வந்தேன். மூன்றுக்கும் ஒரே பழமொழிதான்: ஆழம் தெரியாமல் காலை விடாதே.

கொழுக்குமலை நம் தேனி மாவட்டம். ஜீப் தடமோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஏறுகிறது. அந்தத் தடத்தை விட்டுப் புல்வெளியில் இறக்காதீர்கள். சக்கரம் பதிந்த பள்ளம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகி, மேல்மண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். வனத்துறை அனுமதி கேட்டால் சலித்துக்கொள்ளவும் வேண்டாம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20 பேருக்கு மேல் பறிகொடுத்த மலை இது. ஆழம் தெரியாமல் காலை விடாதே.

ஐப்பசி மழையில் வெளியூர்த் தம்பிகள் நாலு பேர் புத்தம்புது வண்டியில் வந்தார்கள். வீடியோ எடுக்க நம் கொட்டகுடி ஆற்றில் வண்டியை இறக்கப் போனார்கள். மாடு மேய்த்த பெரியவர், "தம்பி, தண்ணி கலங்கி வருது, மேல மழை பெய்யுது, இறக்காதீங்க" என்றார். கேட்டால்தானே! சக்கரம் சுற்றச் சுற்ற மணலைத் தோண்டி, நடு ஆற்றில் வண்டி உட்கார்ந்துவிட்டது. ஒருவர் செல்போனை உயர்த்திப் பிடித்தபடி கூரைமேல் ஏறிவிட்டார். (சிரிப்பு) ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் நம்மூர் ஜீப்காரர் கயிற்றோடு இறங்கினார். முதல் கேள்வியே, "ஃபோர் வீல் போட்டீங்களா?"

"அதைத் தனியாப் போடணுமா அண்ணே?"

(பலத்த சிரிப்பு)

லட்சக்கணக்கில் கொட்டி வாங்கியவர், நாலு சக்கரத்தையும் சேர்த்து இழுக்க வைக்கும் அந்த லீவரைத் தொட்டதே இல்லை! காலை விட்டால் கால்தான் நனையும். இவர்கள் இன்ஜினையே விட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. கரையேறியதும் அதே ஆற்றில் வண்டியைக் கழுவினார்கள். அவர்களை மட்டும் சொல்லி என்ன? ஞாயிற்றுக்கிழமையானால் நம் ஆட்களும் அங்கேதான். கிரீஸ் வழிய, டீசல் வானவில்லாய் மிதக்க, கீழே பிள்ளைகள் குளிக்கிறார்கள். அந்தத் தண்ணீர்தான் போடியைத் தாண்டி வைகையில் சேர்கிறது.

குப்பையைப் பற்றி வனச்சரக அலுவலர் பேசுவார், நேரமில்லை. தலைவர் மேடையில் இருக்கும்போதே கேட்டுவிடுகிறேன்: ஆற்றை விட்டுத் தள்ளி ஒரு கழுவுமேடை, எண்ணெயைப் பிரித்தெடுக்க ஒரு தொட்டி. இடம் நாங்கள் காட்டுகிறோம். மனு வாசலில் இருக்கிறது. ஜீப்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள்.