கூகுளில் உங்கள் கடை ஏன் வருவதில்லை? காசு செலவில்லாமல் சரிசெய்வது எப்படி?

[திரையில்: போன், கூகுள் தேடல் பெட்டி]

வணக்கம். போனை எடுத்து, கூகுளில் உங்கள் கடையின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் உங்கள் வெப்சைட்தான் முதலில் வரும். "நம்ம சைட்தான் ஃபர்ஸ்ட்ல வருதே, அப்புறம் என்ன?" என்று பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் கடைப் பெயர் தெரிந்தவர் எப்படியும் உங்களிடம் வந்துவிடுவார். பெயர் தெரியாதவர் என்ன டைப் செய்வார்? அப்போது நீங்கள் வருகிறீர்களா? இன்றைக்குப் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

பொதுவாகப் பேசினால் எதுவும் மனதில் நிற்காது. அதனால் ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொள்வோம். கோவை பீளமேட்டில் ஒரு வெட் கிரைண்டர் சர்வீஸ் கடை. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊர் கோவை, அங்கே இப்படிப்பட்ட கடைகளுக்குப் பஞ்சமில்லை. நம் கடைக்காரர், வெப்சைட் செய்பவர் ஒருவரிடம் பணம் கொடுத்து அழகாக ஒரு வெப்சைட் செய்து வைத்திருக்கிறார். ஆனால் அதைப் பார்த்து ஒரு போன்கூட வந்ததில்லை.

[திரையில்: தேடல் பெட்டியில் சைட் கட்டளையை டைப் செய்வது]

முதலில் அந்த வெப்சைட் இருப்பது கூகுளுக்குத் தெரியுமா என்று பார்ப்போம். தேடல் பெட்டியில் சைட் என்று ஆங்கிலத்தில் எழுதி, கோலன் போட்டு, இடைவெளி விடாமல் வெப்சைட் முகவரியைக் கொடுங்கள். கூகுள் தன் பட்டியலில் சேர்த்திருக்கும் பக்கங்கள் வரிசையாக வரும். இது தோராயமான சோதனைதான், ஆனால் ஒன்றுமே வரவில்லை என்றால் ஏதோ தடை இருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

வெப்சைட் கட்ட உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்த சைட் என்றால் ஒரு இடத்தை உடனே பாருங்கள். செட்டிங்ஸ், அதற்குள் ரீடிங். அந்தப் பக்கத்தில் கீழே, தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். சைட்டைக் கட்டிக்கொண்டிருக்கும்போது டெவலப்பர் அதை டிக் செய்து வைப்பது வழக்கம். பாதி வேலையில் இருக்கும் பக்கம் வெளியே தெரிய வேண்டாம் என்பதற்காக. வேலை முடிந்து, பணம் வாங்கி, சைட்டை ஒப்படைத்துவிட்டுப் போகும்போது அந்த டிக்கை எடுக்க மறந்துவிட்டால், அவ்வளவுதான். மாதக்கணக்கில் கடைக்காரர் "எஸ்இஓ சரியில்லை", அதாவது தேடலில் சைட்டை முன்னால் கொண்டுவரும் வேலை சரியில்லை என்று புலம்பிக்கொண்டிருப்பார். ஒரு டிக்கை எடுத்தால் தீரும் விஷயம்.

அடுத்து கூகுள் சர்ச் கன்சோல். இலவசம். சைட் உங்களுடையது என்று நிரூபித்து ஒருமுறை இணைத்துவிட்டால் போதும். எந்தப் பக்கம் பட்டியலில் இருக்கிறது, எது இல்லை, ஏன் இல்லை என்று கூகுளே சொல்லும். இதை இணைக்காமல் எஸ்இஓ பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை என்பது என் கருத்து. பிறகு மறுபடியும் இந்த விஷயத்துக்கு வருவோம்.

[திரையில்: கடையின் முகப்புப் பக்கம். பெரிய பேனர் படம்]

இப்போது நம் கடைக்காரரின் முகப்புப் பக்கம். மேலே பளபளவென்று ஒரு பேனர். அதில் டேபிள்டாப் கிரைண்டர் சர்வீஸ், டில்டிங் கிரைண்டர் சர்வீஸ், மோட்டார் காயில் கட்டித் தரப்படும் என்று எல்லாமே இருக்கிறது, போன் நம்பர் உட்பட. ஆனால் அத்தனையும் ஒரே படம். டிசைனர் செய்து கொடுத்த நோட்டீஸை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பிக் கூகுள் உங்களைத் தேடலில் காட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நம்பரைத் தொட்டால் போனும் போகாது. பக்கத்தில் எழுத்தாக மிஞ்சியிருப்பது ஒரே வரிதான்: "எங்கள் இணையதளத்துக்கு வரவேற்கிறோம். வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் தாரக மந்திரம்."

இந்த வரியை எந்தக் கடையின் சைட்டில் வேண்டுமானாலும் ஒட்டலாம். பல் டாக்டர், டிராவல்ஸ், மண்டபம், யாருக்கும் பொருந்தும். படிப்பவருக்கும் ஒன்றும் தெரியாது, கூகுளுக்கும் ஒன்றும் தெரியாது.

அப்படியானால் என்ன எழுதுவது? எஸ்இஓ நிபுணரைக் கேட்பதற்கு முன்னால், கடையில் போன் எடுப்பவரைக் கேளுங்கள். ஒரு நாள் முழுக்க வாடிக்கையாளர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று ஒரு பேப்பரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். இப்படி வரும்: "கிரைண்டர் சுத்துது, ஆனா மாவு நைஸா வரல, என்னவா இருக்கும்?" "கல்லு கொத்த எவ்வளவு ஆகும்?" "வீட்டுக்கு வந்து பார்ப்பீங்களா, நாங்கதான் தூக்கிட்டு வரணுமா?" "பத்து லிட்டர் ஓட்டல் கிரைண்டர் பார்ப்பீங்களா?" "ஞாயித்துக்கிழமை உண்டா?"

அந்தப் பேப்பர்தான் உங்கள் வெப்சைட். ஒவ்வொரு கேள்விக்கும், போனில் சொல்லும் அதே பதிலை எழுத்தில் எழுதுங்கள்.

[திரையில்: புதிய பக்கம், வரி வரியாக]

ஒன்றை மட்டும் எழுதியே பார்ப்போம். தலைப்பு: "கிரைண்டர் சுற்றுகிறது, மாவு நைஸாக அரைபடவில்லையா?" அதன் கீழே: "பெல்ட் தளர்ந்திருந்தால் பாத்திரம் சுற்றும், ஆனால் மாவு கெட்டியானதும் வேகம் குறையும். கல் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் மாவு நறநறவென்றுதான் இருக்கும். பெல்ட் என்றால் அன்றைக்கே மாற்றித் தருவோம். கல் கொத்த வேண்டியிருந்தால் கிரைண்டரைக் கடையில் விட்டுச் செல்ல வேண்டும்." அப்புறம் கட்டணம், தொட்டால் போன் போகும் நம்பர், கடையிலேயே எடுத்த ஒரு கல்லின் படம். அந்தப் படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்ல மாற்று உரை என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் "தேய்ந்த கிரைண்டர் கல், கொத்துவதற்கு முன்" என்று எழுதினால் போதும். இந்தப் பக்கத்தை வேறு யாராலும் எழுத முடியாது, கிரைண்டரைப் பிரித்துப் பார்த்தவரால்தான் முடியும்.

கட்டணத்தைப் போட்டால் பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிடுவாரே என்று தயங்குபவர்கள் உண்டு. அவர் ஏற்கெனவே ஆள் விட்டு விசாரித்திருப்பார். சரியான தொகை போட முடியாவிட்டால் "இவ்வளவிலிருந்து தொடங்கும்" என்றாவது போடுங்கள்.

இனி டைட்டில். பிரவுசர் டேப்பில் தெரியும் பெயர், பெரும்பாலும் தேடல் முடிவில் நீல நிறத்தில் வரும் வரியும் அதுதான். நம் கடைக்காரர் சைட்டில் அது "ஹோம்" என்று மட்டும் இருக்கிறது. இரண்டாவது பக்கம் "சர்வீசஸ்". அதை "வெட் கிரைண்டர் சர்வீஸ், பீளமேடு, கோவை" என்று மாற்றி, பின்னால் கடைப் பெயரைச் சேர்த்தாலே பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி டைட்டில் இருக்கட்டும். கல் கொத்துவதற்கு ஒரு பக்கம், மோட்டாருக்கு ஒன்று, ஓட்டல் கிரைண்டருக்கு ஒன்று.

கீவேர்டுக்கென்று, அதாவது தேடல் சொற்களுக்கென்று, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தின் கோடுக்குள் இருக்கும் மெட்டா டேக் ஒன்று உண்டு, அதில் ஐம்பது சொற்களைத் திணித்துவிட்டுப் பில் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேடல் வரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்தில் எழுதுவதா? மக்கள் எல்லா விதமாகவும் தேடுகிறார்கள்: தமிழில், ஆங்கிலத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக, மைக்கைத் தொட்டுப் பேசியும். உங்கள் வாடிக்கையாளர் எந்த மொழியில் பேசுகிறாரோ அதில் முதலில் எழுதுங்கள். முடிந்தால் மற்றொன்றிலும் தனிப் பக்கமாகப் போடுங்கள். ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டலை நினைத்து ரொம்பக் குழம்ப வேண்டாம். 2020-இல் கோயம்புத்தூர் உள்பட ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்து, சில நாட்களில் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். கோவை, கோயம்புத்தூர் இரண்டும் ஒன்று என்பது கூகுளுக்குத் தெரியும். வாக்கியத்தில் இயல்பாக எது வருகிறதோ அதை எழுதுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பீளமேடு, காந்திபுரம், சிங்காநல்லூர், சரவணம்பட்டி என்று ஒவ்வொரு ஏரியாவுக்கும், பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை நாற்பது நகல் போடும் உத்தி ஒன்று உண்டு. கூகுள் அதை ஸ்பேம் கணக்கில் சேர்க்கிறது. ஏஐ கருவியில் நூற்றுக்கணக்கில் கட்டுரை உற்பத்தி செய்து கொட்டுவதற்கும் 2024 மார்ச்சில் தனி விதியே வந்தது. ஏஐ உதவியோடு எழுதுவது குற்றமில்லை. யாருக்கும் பயனில்லாததை மொத்தமாகக் குவிப்பதுதான் பிரச்சினை.

[திரையில்: கூகுள் மேப்பில் கடைகளின் பட்டியல்]

இதுவரை சொன்னது வெப்சைட். ஆனால் "பக்கத்தில் கிரைண்டர் சர்வீஸ்" என்று தேடினால் பெரும்பாலும் மேலே வருவது மேப்பும் அதோடு சில கடைகளும்தான். அங்கே வருவதற்குக் கூகுள் பிசினஸ் புரொஃபைல் வேண்டும். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்ததே, அதுதான். இதுவும் இலவசம். நேரம் குறைவு, ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

மேப்பில் யாரை முதலில் காட்டுவது என்பதற்குக் கூகுள் மூன்று விஷயங்களைச் சொல்கிறது. தேடியதற்கும் கடைக்கும் எவ்வளவு பொருத்தம், தேடுபவரிடமிருந்து எவ்வளவு தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது. தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. அதனால் "என் போனில் முதலில் வருது, மச்சான் போனில் வரலையே" என்று குழம்பாதீர்கள். மச்சான் திருப்பூரில் இருக்கிறார். பணம் கொடுத்து இந்த வரிசையில் முன்னேற வழி கிடையாது என்பதையும் கூகுளே சொல்கிறது. விளம்பரம் என்பது தனி, அதில் ஸ்பான்சர்டு என்று எழுதியே வரும்.

பொருத்தம் நம் கையில் இருக்கிறது. வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். "கடை" என்று பொதுவாக வைக்காமல், பட்டியலில் உங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமானதைப் போடுங்கள். கடைப் பெயர் போர்டில் இருப்பது போலவே இருக்கட்டும். பெயரோடு "பெஸ்ட் கிரைண்டர் சர்வீஸ் கோவை" என்று வால் சேர்ப்பது விதிமீறல், யாராவது புகார் கொடுத்தால் புரொஃபைலே முடங்கலாம். திறந்திருக்கும் நேரத்தைச் சரியாகப் போடுங்கள், பொங்கல், தீபாவளி விடுமுறைகள் உள்பட. "திறந்திருக்கிறது" என்று காட்டியதை நம்பி, கிரைண்டரை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்தவர் பூட்டிய ஷட்டரைப் பார்த்தால், ஒரு ஸ்டார் நிச்சயம்.

ரிவ்யூவை வாய்விட்டுக் கேளுங்கள், தவறில்லை. புரொஃபைலிலேயே ரிவ்யூ லிங்க் கிடைக்கும். வேலை முடிந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். ஆனால் "ரிவ்யூ போட்டால் 50 ரூபாய் தள்ளுபடி" என்பது கூடாது. சொந்தக்காரர்களை வைத்து ஒரே இரவில் முப்பது ரிவ்யூ போட வைப்பதும் கூடாது. திட்டி எழுதியிருந்தால் சண்டைக்குப் போகாமல் நிதானமாகப் பதில் எழுதுங்கள். அந்தப் பதிலைப் படிக்கப் போவது திட்டியவர் அல்ல, அடுத்து வரப்போகும் நூறு பேர்.

முகவரியும் போன் நம்பரும் வெப்சைட், மேப், ஃபேஸ்புக், ஜஸ்ட்டயல் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

[திரையில்: மெதுவாக லோட் ஆகும் பக்கம்]

வேகம். கூகுள் இப்போது உங்கள் சைட்டின் மொபைல் வடிவத்தை வைத்துத்தான் பட்டியலிடுகிறது. கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்து பயனில்லை. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால், முக்கியமான பகுதி திரையில் வர எத்தனை நொடி ஆகிறது என்று காட்டும். 2.5 நொடிக்குள் இருந்தால் நல்லது. அந்தக் கருவி தரும் மதிப்பெண்ணில் நூற்றுக்கு நூறு வாங்க உழைக்க வேண்டாம், அது வீண் வேலை. சின்னக் கடைகளின் சைட்டில் பெரும்பாலும் குற்றவாளி படம்தான். போனில் எடுத்த 4 எம்பி போட்டோவை அப்படியே ஏற்றியிருப்பார்கள். ஸ்கூஷ் என்ற இலவசக் கருவியில் அதைச் சில நூறு கேபிக்குச் சுருக்கலாம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

கடைசியாக, வேறு சைட்டுகளிலிருந்து உங்கள் சைட்டுக்கு வரும் இணைப்புகள், அதாவது பேக்லிங்க். "ஐயாயிரம் பேக்லிங்க், ஐயாயிரம் ரூபாய்" என்று வாட்ஸ்அப்பில் வரும் ஆஃபரை டெலீட் செய்துவிடுங்கள். 2011-இல் ஜேசி பென்னி என்ற அமெரிக்கப் பெரிய கடைக்கே இதில் அடி விழுந்தது. அவர்களுக்காகப் பல சைட்டுகளில் காசு கொடுத்து இணைப்பு வைக்கப்பட்டிருப்பதை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டுவந்தது; முதலிடத்தில் நின்ற பல தேடல்களில் கூகுள் அவர்களைப் பின்னால் தள்ளியது. நமக்கு வேண்டியவை சில நிஜமான இணைப்புகள். நீங்கள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் என்றால், அந்த கிரைண்டர் நிறுவனத்தின் சைட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா? வணிகர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில்? கேட்டால் போடுவார்கள்.

[திரையில்: சர்ச் கன்சோல் அறிக்கை]

இதையெல்லாம் செய்த மறுநாளே பலனைத் தேடாதீர்கள். சில மாற்றங்கள் சில மணி நேரத்தில் தெரியும், சிலவற்றுக்குச் சில மாதங்கள் ஆகும். "முதலிடம் கேரண்டி" என்று யாராவது சொன்னால், அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருப்பதைக் காட்டுங்கள். மாதம் ஒருமுறை சர்ச் கன்சோலைத் திறந்து பாருங்கள். எந்தெந்தச் சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள் என்று 16 மாதக் கணக்கு அங்கே இருக்கும். "மிக்ஸி ஜார் பிளேடு" என்ற தேடலில் உங்களை நிறையத் தடவை காட்டியிருக்கிறது, ஆனால் யாரும் தொடவில்லை என்றால், மிக்ஸி ஜாருக்கு ஒரு பக்கம் எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது. அந்த வேலையே பார்ப்பதில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

ஒரு விஷயம் பாக்கி. டொமைன் என்ற சைட் முகவரி, ஹோஸ்டிங் என்ற சைட்டை வைத்திருக்கும் இடம், பிசினஸ் புரொஃபைல், சர்ச் கன்சோல், இந்த நான்கும் யாருடைய ஈமெயிலில் இருக்கின்றன? சைட் செய்து கொடுத்தவரின் ஈமெயிலில் இருந்தால், அவர் நம்பரை மாற்றிவிட்ட பிறகு டொமைன் காலாவதியாகும்போது உங்களுக்குத் தகவலே வராது. அவர் இன்னும் போன் எடுக்கிற காலத்திலேயே எல்லாவற்றையும் உங்கள் ஈமெயிலுக்கு மாற்றச் சொல்லிவிடுங்கள்.