நாட்கள் பொல்லாதவைகளானதால்

(யாங்கோனில் தமிழ்ச் சபையார் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கர்த்தருக்குள் அன்பான பெரியோர்களே, சகோதர சகோதரிகளே, வாலிபப் பிள்ளைகளே,

இன்றைய தியானத்துக்கு எபேசியர் 5:16ஐ எடுத்துக்கொள்வோம். "நாட்கள் பொல்லாதவைகளானதால், காலத்தைப் பிரயோஜனப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று அப்போஸ்தலனாகிய பவுல் எழுதுகிறார். காலத்தைப் பிரயோஜனப்படுத்த வேண்டும் என்பதை நம் பாட்டன் பாட்டி காலத்திலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். ஆனால் அதற்கு அவர் காட்டுகிற காரணத்தின்மேல் நாம் அதிகமாக மனம் வைத்ததில்லை. நாட்கள் நல்லவையாக இருப்பதால் என்று அவர் எழுதவில்லை; வசதியும் சமாதானமும் இருக்கிறபடியால் என்றும் எழுதவில்லை. பொல்லாத நாட்கள் என்பதையே காரணமாக வைக்கிறார். அதே நிருபத்தின் கடைசியில் தன்னைச் சங்கிலியால் கட்டப்பட்ட ஸ்தானாபதி என்று சொல்லிக்கொள்கிற ஒரு கைதியின் வாயிலிருந்து இந்த வார்த்தை வருகிறபடியால், வசதியாக உட்கார்ந்துகொண்டு பிறருக்குச் சொன்ன புத்திமதி என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

நம்முடைய கணக்கோ இதற்கு நேர்மாறாக இருக்கிறது. இந்த நகரத்தில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும், பேச்சு எங்கே தொடங்கினாலும், கடைசியில் ஒரு வாக்கியத்தில் வந்து நிற்கிறது: "நிலைமை சீராகட்டும், பார்க்கலாம்." பிள்ளைக்குத் தமிழ் வேதாகமம் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது நிலைமை சீரான பிறகு. அண்ணன் தம்பிக்குள் வந்த மனஸ்தாபத்தைப் பேசித் தீர்ப்பதும் அதன் பிறகுதான். குடும்ப ஜெபத்தைத் திரும்பத் தொடங்குவது, படுக்கையில் கிடக்கிற பெரியம்மாவைப் போய்ப் பார்ப்பது, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுவது என்று எல்லாவற்றையும் அந்தச் சீரான நாளின் கணக்கில் எழுதி வைத்திருக்கிறோம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வீடு கட்டுவதையோ, தொழிலில் புதிதாக முதல் போடுவதையோ, தூரப் பயணத்தையோ இந்தக் காலத்தில் தள்ளிவைப்பது புத்திசாலித்தனமே; அதை நான் குறைசொல்லவில்லை. அந்தக் காரியங்களுக்கு நாட்டின் நிலைமை உண்மையிலேயே தேவைப்படுகிறது. ஆனால் மன்னிப்புக் கேட்பதற்கு எந்த நிலைமை சீராக வேண்டும்? மனைவியோடும் பிள்ளைகளோடும் முழங்காற்படியிடுவதற்கு எந்த அலுவலகத்தின் அனுமதி வர வேண்டும்? நாட்டின் நிலைமையோடு சம்பந்தமே இல்லாத காரியங்களையும் சேர்த்து அதன் தலையில் கட்டிவிட்டோம் என்பதே என் பாரம்.

அப்போஸ்தலர் 24ஆம் அதிகாரத்தில் தேசாதிபதியாகிய பேலிக்ஸ், கைதியாயிருந்த பவுலின் பேச்சைக் கேட்டான். நீதியையும் இச்சையடக்கத்தையும் இனிவரும் நியாயத்தீர்ப்பையும் குறித்துப் பவுல் பேசினபோது அவன் பயமடைந்தான். பயம் வந்ததே, அது நல்ல நேரம். ஆனால் அவன், "இப்பொழுது நீ போகலாம், எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்றான். பவுலை அவன் மறுபடியும் அழைக்காமலில்லை. பணம் கிடைக்குமென்று நம்பி அநேகந்தரம் அழைத்துப் பேசினான் என்று வேதம் சொல்கிறது. பேச்சு தொடர்ந்தது, முதல்நாள் வந்த பயம் திரும்ப வந்ததாக எழுதியிருக்கவில்லை. இரண்டு வருஷம் சென்றபின் பதவி வேறொருவனுக்குப் போயிற்று. பவுலைக் கட்டுண்டவனாகவே விட்டுவிட்டு அவன் போனான். அவன் தேடின சமயம் முதல் நாளிலேயே அவன் முன்னால் நின்றது.

இதைவிட நம் நிலைமைக்கு நெருக்கமான ஒரு பகுதி எரேமியாவின் புத்தகத்தில் இருக்கிறது. கி.மு. 597இல் எருசலேமிலிருந்து ஒரு கூட்டத்தார் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனார்கள். எருசலேமில் அனனியா என்கிற ஒருவன் எழுந்து, இரண்டு வருஷகாலத்துக்குள் எல்லாம் திரும்பி வந்துவிடும், பாபிலோன் ராஜாவின் நுகம் முறிந்துவிடும் என்று கர்த்தரின் பேரால் தீர்க்கதரிசனம் சொன்னான். கேட்க எவ்வளவு இனிமையான வார்த்தை! இரண்டு வருஷந்தானே என்றால் மூட்டையை அவிழ்க்காமலே காத்திருக்கலாம். ஆனால் சிறையிருப்பில் இருந்தவர்களுக்கு எரேமியா எழுதியனுப்பின கடிதம் வேறாக இருந்தது. "நீங்கள் வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்" என்றும், பிள்ளைகளுக்கு விவாகம் செய்துவையுங்கள் என்றும், நீங்கள் சிறைப்பட்டுப் போயிருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்றும் எழுதினார். திரும்பி வருவதற்கு அவர் சொன்ன காலம் 70 வருஷம்.

இந்த எண்ணைச் சற்று யோசித்துப் பாருங்கள். மோசேயின் ஜெபமாகிய 90ஆம் சங்கீதமும், "எங்கள் ஆயுசு நாட்கள் எழுபது வருஷம், பெலத்தின் மிகுதியால் எண்பது வருஷமாயிருந்தாலும்" என்றுதான் சொல்கிறது. அப்படியானால் அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கின தகப்பன்மார் பெரும்பாலோருக்கு, திரும்பிப் போகும் நாள் தங்கள் ஆயுளுக்குள் வராது என்று தேவன் தயவாய்ச் சொல்லிவிட்டார். தயவாய் என்ற சொல்லை யோசித்தே சொல்கிறேன். அனனியாவை நம்பியிருந்தால், அவர்கள் நாற்று நடாமல், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யாமல், இரண்டு வருஷத்தை இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு என்று நீட்டிக்கொண்டே வாசலில் உட்கார்ந்து செத்திருப்பார்கள். எரேமியாவின் கடிதம் அவர்களுக்கு இருந்த ஒரே வாழ்க்கையை அவர்கள் கையில் திருப்பிக் கொடுத்தது. அனனியாவோ அந்த வருஷத்திலேயே, ஏழாம் மாதத்தில் செத்துப்போனான்; அவன் வாக்குக்கொடுத்த இரண்டு வருஷத்தை அவனே காணவில்லை.

இந்தத் தேசத்துத் தமிழர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா? 1941 டிசம்பர் 23ஆம் தேதி, இன்று யாங்கோன் என்கிற இந்த ரங்கூன்மேல் ஜப்பானியரின் குண்டு விழுந்தபோது, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருந்தது. அதற்குப் பிறகு லட்சக்கணக்கான இந்தியர்கள் கிடைத்த வழியிலெல்லாம் புறப்பட்டார்கள். மலையும் காடும் கடந்து நடந்தவர்களில் எத்தனையோ பேர் வழியிலேயே விழுந்தார்கள். 1964இல் கடைகள் அரசுடைமையாயின, அந்த வருஷம் மே மாதத்தில் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. 1987 செப்டம்பரில் 25, 35, 75 சாட் நோட்டுகள் மாற்றுப் பணமும் இல்லாமல் ஒரே நாளில் வெறும் காகிதமாயின. லூக்கா 12இல் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த ஐசுவரியவானிடம் தேவன், "மதிகேடனே, உன் ஆத்துமா உன்னிடத்திலிருந்து இந்த இராத்திரியிலே எடுத்துக்கொள்ளப்படும்" என்றார். நம் பெரியவர்கள் கதையில் ஆத்துமா தங்கிற்று, களஞ்சியம்தான் போயிற்று. அவர்கள் திரும்ப எழுந்து கடை போட்டார்கள், சபை கட்டினார்கள், நமக்கு ஞானப்பாட்டுகளைக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்களும் நிலைமை சீராகட்டும் என்று இருந்திருந்தால் இன்று இந்தக் கூட்டமே இல்லை.

இதே மண்ணில் உழைத்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனை நீங்கள் அறிவீர்கள். 1813 ஜூலையில் மனைவி ஆனோடு ரங்கூனில் வந்திறங்கினார். முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றது 1819 ஜூனில்; ஏறக்குறைய ஆறு வருஷம் கண்ணுக்குத் தெரிந்த பலன் எதுவும் இல்லை. 1824இல் ஆங்கிலேயரோடு யுத்தம் வந்தபோது ஆவா நகரத்தில் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அடுத்த ஆண்டின் கடைசிவரை அவர் விலங்கோடு கிடந்தார். அதற்குள் புதிய ஏற்பாட்டைப் பர்மிய மொழியில் எழுதி முடித்திருந்தார், ஆனால் அது அச்சேறவில்லை. ஆன் அந்தக் கையெழுத்துப் பிரதியை முதலில் மண்ணில் புதைத்துவைத்தாள். ஈரத்தில் கெட்டுப்போகும் என்று கண்டு, பிறகு அதை ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்துச் சிறைக்குள் கொடுத்தனுப்பினாள். காவலன் ஆசைப்பட்டு எடுத்துக்கொள்ளாதபடிக்கு அந்தத் தலையணையை வேண்டுமென்றே கரடுமுரடாகச் செய்தாள். கைதிகளை வேறிடத்துக்குக் கொண்டுபோனபோது அது குப்பையாக எறியப்பட்டது. அதை ஒரு ஞாபகப் பொருளென்று எண்ணி மவுங் இங் என்கிற சீஷன் எடுத்துவைத்தார், உள்ளே இருந்த தாள்கள் தப்பின.

அந்தப் பெண்ணின் நாட்களை எண்ணிப் பார்க்கிறேன். கணவன் சிறையில், கையில் கைக்குழந்தை, அதிகாரிகள் வாசலில் நாள்தோறும் மன்றாட்டு, கூடவே வியாதி. அவள் 1826 அக்டோபரில், 36 வயதில், இந்தத் தேசத்து அம்ஹெர்ஸ்ட் ஊரில் மரித்தாள். நிலைமை சீரான ஒரு வருஷத்தை இந்தத் தேசத்தில் அவள் அதிகமாகக் கண்டதில்லை. ஆனாலும் அவள் தைத்துக் காப்பாற்றின எழுத்தின் வழியில், முழு வேதாகமத்தின் மொழிபெயர்ப்பு 1834 ஜனவரியில் முடிந்தது. அதை இன்றும் பர்மிய சபைகள் வாசிக்கின்றன. ஜட்சன் 1850இல் கப்பலில் மரித்தார், கடலிலே அடக்கம் செய்தார்கள். அவர் எழுதிக்கொண்டிருந்த அகராதியின் ஒரு பகுதி முடியாமலே இருந்தது. வேறொருவர் அதை முடித்தார். வேலை முடியாமல் மனிதன் போவது தேவனுக்கு முன்பாகக் குற்றமல்ல என்பதை இதிலிருந்து நான் கற்றுக்கொண்டேன். தொடங்காமல் போவதைப் பற்றியே நான் பயப்படுகிறேன்.

கால அளவு தெரிந்தால் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை நம் வீட்டிலேயே பார்க்கலாம். நின்றுபோன மின்சாரம் திரும்ப வந்தவுடன் தெருப்பிள்ளைகள் "மீ லாபீ!", அதாவது மின்சாரம் வந்துவிட்டது என்று பர்மிய மொழியில் கூவுகிறார்கள். அந்த நிமிஷமே அம்மா தண்ணீர் மோட்டாரைப் போடுகிறாள், மகள் அரிசிக் குக்கரை அடுக்குகிறாள், பையன் இரண்டு போனையும் பேட்டரி விளக்கையும் சொருகுகிறான், பள்ளிச் சட்டைக்கு இஸ்திரி போடப்படுகிறது. எது முதலில், எது பிறகு என்று யாரும் கூடிப் பேசுவதில்லை. எது அவசியம் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. போய்விடும் என்று தெரிந்திருப்பதனால் வந்த ஞானம் அது. "நாங்கள் ஞான இருதயமுள்ளவர்களாகும்படி, எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்" என்று மோசே கேட்டது இதைத்தான்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, இனி ஒரு நிமிஷமும் சும்மா இருக்கக்கூடாது என்று ஓடத் தொடங்கிவிடாதீர்கள். நம் ஆண்டவரை விடக் குறைந்த காலத்தில் அதிகம் செய்து முடித்தவர் இல்லை. அவரைவிட அவசரமில்லாமல் நடந்தவரும் இல்லை. யவீருவின் மகள் மரணத் தறுவாயில் இருந்தாள், கூட்டம் நெருக்கிற்று, தகப்பனுடைய மனம் எப்படித் துடித்திருக்கும்! அந்த வழியில், 12 வருஷம் பெரும்பாடுள்ள ஒரு ஸ்திரீ அவர் வஸ்திரத்தைத் தொட்டாள். அவர் நின்றார். சுகம்தான் கிடைத்துவிட்டதே, போகலாமே என்று சீஷர்கள் நினைத்திருக்கலாம். அவரோ அவளைத் தேடி, அவள் உண்மையையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டு, மகளே என்று அழைத்து அனுப்பினார். அதற்குள் சிறுபெண் மரித்துப்போனாள் என்று செய்தி வந்தது. அந்தத் தாமதத்தால் பிதாவின் சித்தம் கெட்டுப்போகவில்லை. அந்தப் பிள்ளையும் எழுந்தாள். வேலைப்பட்டியலைப் பார்த்து நடந்த ஒருவர் அந்த ஸ்திரீக்காக நின்றிருக்கமாட்டார். நம் நாளில் குறுக்கே வருகிற மனிதர் நம் நேரத்தைத் திருடுகிறவர் என்று எண்ணுகிற பழக்கத்தை இந்தச் சம்பவம் எனக்குள் உடைத்திருக்கிறது.

ஆகையால் நான் உங்களிடம் கேட்பது நீண்ட பட்டியல் அல்ல. நம் சபைக் குடும்பங்களில் பிள்ளைகள் மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, தனியாயிருக்கிற தாய்மார் தகப்பன்மார் பலர் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் பர்மிய மொழியில் பேச, பாட்டி தமிழில் ஜெபிக்க, இரண்டுபேருக்கும் நடுவே யாரும் இல்லாத வீடுகளும் உண்டு. அந்தப் பாட்டிமாருக்குச் சங்கீதங்கள் மனப்பாடம். இந்தச் சபை எப்படித் தொடங்கிற்று என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் நாட்களோ சங்கீதக்காரன் சொன்ன எண்பதையும் தாண்டிவிட்டன. வாலிபப் பிள்ளைகளே, வருகிற வாரத்தில் ஒரு மாலை போனை வீட்டில் வைத்துவிட்டு, இருவர் இருவராகப் போய் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு சங்கீதத்தை அவர்கள் சொல்ல நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ் எழுதத் தெரியாதவர்கள் பர்மிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பெரியவர்களே, ஒருவரோடொருவர் பேசாமல் ஒரே பந்தியில் அப்பமும் ரசமும் வாங்கிக்கொண்டிருக்கிறவர்கள் நம்மில் உண்டென்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்த திருவிருந்து ஆராதனை வருவதற்குமுன் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமானால் நான் கூட வருகிறேன். வீடுகளின் பெயரை மூப்பர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஜெபம் முடிந்ததும் அவர்களிடம் வந்து, எந்த வீட்டுக்கு எந்தக் கிழமை போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.