அசெம்பிளியில் உதடு அசையாமல் நின்ற பிள்ளை

(நாகர்கோவிலில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், ஆசிரிய நண்பர்களுக்கும், இடமில்லாமல் பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் நின்றவன் நான். அதில் கூடுதல் காலம் கல்குளம், விளவங்கோடு பக்கத்து அரசுப் பள்ளிகளில். 'பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் வழிபாடு' என்று தலைப்புக் கொடுத்தார்கள். கேட்டதும் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அவளிடமிருந்தே தொடங்குகிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் காலை அசெம்பிளியில் கடவுள் வாழ்த்து உண்டு. எல்லா மதத்துக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று, ஒரு நாள் இந்துப் பாட்டு, ஒரு நாள் கிறிஸ்தவப் பாட்டு, ஒரு நாள் இஸ்லாமியப் பாட்டு என்று முறை வைத்திருந்தோம். எங்களுக்கு அதில் பெருமைதான். மூன்றாவது வரிசையில் அந்தப் பிள்ளை கைகட்டி நிற்பாள். எந்தப் பாட்டுக்கும் உதடு அசையாது. ஒரு நாள் அவளை முன்னால் கூப்பிட்டு, அத்தனை பேர் பார்க்க, "உனக்கு மட்டும் வாய் வலிக்குமோ?" என்று கேட்டுவிட்டேன். அவள் அழவில்லை. "எங்க வீட்டில சொல்றது வேற, சார்" என்றாள். அவ்வளவுதான்.

பிறகு விசாரித்தேன். அய்யா வைகுண்டரைப் பின்பற்றும் அய்யாவழிக் குடும்பம். அந்த வழியின் தலைமைப் பதியான சாமிதோப்புக்குத் தவறாமல் போகிறவர்கள். தலைப்பாகை கட்டிக்கொண்டு, சிலைக்குப் பதில் கண்ணாடிக்கு முன்னால் நின்று வணங்குகிற வழி அது. வருகைப் பதிவேட்டில் 'இந்து' என்று இருந்தது. ஆகவே இந்துப் பாட்டு அவளுக்கும் சேர்த்துத்தான் என்று நான் எண்ணியிருந்தேன். மூன்று என்று நாங்கள் போட்ட கணக்கில் அவள் வீடு இல்லை. எல்லோர் முன்னிலையிலும் அவளிடம் அப்படிக் கேட்டதற்காக இன்றுவரை நான் வருத்தப்படுகிறேன். இன்று இங்கே பேச ஒத்துக்கொண்டதே அதனால்தான்.

தக்கலையிலிருந்து குளச்சலுக்கு பஸ் ஏறிப் பாருங்கள். ஒரு அம்மன் கோயில், சிலுவை நட்ட ஒரு குருசடி, அய்யாவழியாரின் ஒரு நிழல்தாங்கல், ஒரு பள்ளிவாசல். கண்டக்டர் டிக்கெட் கொடுத்து முடிப்பதற்குள் நாலும் வந்துவிடும். இது நம் செல்வம். ஆனால் 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்தைப் பார்த்தவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள். துப்பாக்கிச் சூடு, உயிர்ச்சேதம், ஊரை விட்டு ஓடிய குடும்பங்கள். குன்றக்குடி அடிகளார் வந்து இரண்டு பக்கமும் நடந்து பேச வேண்டியிருந்தது. ஆகவே இந்த மாவட்டத்தில் இதைப் பேசும்போது குரலை உயர்த்த எனக்கு மனம் வராது.

சரி, அரசுக்கு ஒரு சாமி இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டால், வேறு எந்த மாவட்டத்தையும் விட நமக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். 1750இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தன் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்து, தன்னைப் பத்மநாப தாசன் என்று அழைத்துக்கொண்டார். அன்று தலைநகரம் நம் பத்மநாபபுரம். அந்த மன்னரின் பக்தியை நான் குறை சொல்லவில்லை. அது உண்மையான பக்தியாகவே இருக்கட்டும். பின்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். பிரிட்டிஷ் அதிகாரி கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது கோயில்களின் நிலத்தையும் நிர்வாகத்தையும் அரசு எடுத்துக்கொண்டது. நிலவரி வாங்குகிற அதே வருவாய்த் துறைதான் கோயில் காரியங்களையும் பார்த்தது. அதன் பலன் என்ன தெரியுமா? கோயிலுக்குள் நுழைய முடியாதவருக்கு வருவாய்த் துறையில் வேலையும் கிடையாது. கிறிஸ்தவர், முஸ்லிம், ஈழவர், இன்னும் எத்தனையோ பேர் வரி மட்டும் கட்டினார்கள். அந்த வரியை வாங்கும் நாற்காலியில் அவர்கள் உட்கார முடியாது. இவர்கள் எல்லோரும் சேர்ந்து குடிமைச் சமத்துவம் கேட்டுக் கிளர்ச்சி செய்த பிறகுதான், 1922இல் தேவஸ்வம், அதாவது கோயில் நிர்வாகம், தனித் துறையாகப் பிரிந்தது.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். அங்கே யாரும் "நீ வேறு மதம், உனக்கு வேலை இல்லை" என்று வெறுப்போடு எழுதி வைக்கவில்லை. அலுவலகமும் கோயிலும் ஒன்றாக இருந்தன, அவ்வளவுதான். கதவு தானாகவே அடைத்துக்கொண்டது.

இப்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அதே திருவிதாங்கூரில் தெருவில் நடக்கவே உரிமை இல்லாத பிள்ளைகளுக்கு எழுத்து எங்கே கிடைத்தது? 1806இல் ரிங்கல்தௌபே என்ற மிஷனரி மயிலாடிக்கு வந்தார். அவருக்குப் பின் மீட் வந்தார். ஆலயம் எழும்பிய இடங்களில் பள்ளிக்கூடமும் எழுந்தது. மேலாடை அணியும் உரிமைக்காகத் தோள்சீலைப் போராட்டம் நடத்திய பெண்களில் பலர் அந்தப் பள்ளிகளின் நிழலில் வந்தவர்கள். நம் வீடுகளில் கையெழுத்துப் போட்ட முதல் தலைமுறை, ஜெபத்தோடு சேர்த்துத்தான் அகரத்தைக் கற்றது. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் எழுந்து "பள்ளியில் ஜெபம் என்ற பேச்சே கூடாது" என்று ஒரே போடாகப் போட்டால், அவருக்கு இந்த மாவட்டம் தெரியாது என்றுதான் நான் நினைப்பேன்.

அரசமைப்புச் சட்டம் எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. 28ஆவது உறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்க முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கிடையாது. இது முதல் பிரிவு, நேரானது. இரண்டாவது, அறக்கட்டளைகள் பற்றியது, அதை விட்டுவிடலாம். மூன்றாவது பிரிவை நம் மாவட்டத்துக்காகவே எழுதினார்களோ என்று எனக்குத் தோன்றும். அரசின் அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் எந்தப் பள்ளியிலும், ஒரு பிள்ளையை மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்க வேண்டுமானால் சம்மதம் வேண்டும். சிறு வயதுப் பிள்ளையானால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேண்டும்.

ஆக, எய்டட் பள்ளியில் வழிபாடே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. கேட்டுவிட்டுச் செய் என்கிறது. நம் கத்தோலிக்கப் பள்ளிகள் சிலவற்றில் சபைப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று பிரித்து நடத்துவது உங்களுக்குத் தெரியும். அது நல்ல ஏற்பாடு. ஆனால் அசெம்பிளி என்று வந்தால்? உங்களில் எத்தனை பேரிடம், பிள்ளையைச் சேர்க்கும்போது, "காலை வழிபாட்டில் இவள் கலந்துகொள்ளச் சம்மதமா?" என்று கேட்டார்கள்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்.

பாருங்கள். ஒரு கையும் எழவில்லை.

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு மதமும் தன் வழி மட்டுமே சரியான வழி என்று போதிக்கும். அத்தனையையும் ஒரே பள்ளிக்குள் கொண்டுவந்தால் அங்கே அமைதி இருக்காது என்றார். பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியை ஏன் பொதுவாகவே விட வேண்டும் என்பதற்கு அதைவிட நேரான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், வாய் திறக்காமல் நிற்கும் பிள்ளைக்கு உரிமை உண்டா என்ற கேள்வி. இதற்கு விடை பக்கத்துக் கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்திலிருந்து வந்தது. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவச் சபைக் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். 1985இல் பள்ளியை விட்டு அனுப்பினார்கள். அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய பிஜோ இம்மானுவேல் தீர்ப்பு அது. அமெரிக்காவில் 1943இல் இதே சபைப் பிள்ளைகளுக்காக, கொடி வணக்கத்தைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று வந்த பார்னெட் தீர்ப்பும் அதில் எடுத்துக்காட்டப்பட்டது. தேசிய கீதத்துக்கே இந்த நியாயம் உண்டு என்றால், நான் வைத்த கடவுள் வாழ்த்துக்கு இல்லையா? அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளையை நினைத்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அமெரிக்கா பற்றி இன்னும் ஒன்று. நியூயார்க் மாநிலக் கல்வி வாரியம் ஆங்கிலத்தில் 22 சொற்களில் ஒரு ஜெபம் எழுதியது. எந்தச் சபைக்கும் உறுத்தாத பொது ஜெபம் என்று நினைத்தார்கள். பிடிக்காத பிள்ளை சொல்லாமல் இருக்கலாம், வெளியே போகலாம். இருந்தும் 1962இல் ஏங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. ஜெபத்தை எழுதிக் கொடுப்பது அரசின் வேலையில்லை என்றது. நாங்கள் போட்ட மூன்று பாட்டு முறையும் அந்த 22 சொற்களைப் போன்றதுதான். நல்ல மனதோடுதான் செய்தோம். எந்த மதம் கணக்கில் வரும், எது வராது என்று தீர்மானிக்கும் இடத்தில் ஒரு அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அந்த வேலையை யார் கொடுத்தது?

பிள்ளையின் பக்தி வேறு. பரீட்சைத் தாள் வாங்கும்போது கண்ணை மூடி முணுமுணுக்கும் பிள்ளையை விடுங்கள். நாமமோ, திருநீறோ, கழுத்துச் சிலுவையோ, முக்காடோ, அது அவளுடையது, அவள் வீட்டுடையது. அதைத் தடுக்கும் ஆசிரியரோடும் எனக்குச் சண்டை உண்டு. கையில் பிரம்போ, மதிப்பெண்ணோ, ரப்பர் ஸ்டாம்போ வைத்திருப்பவர் "சேர்ந்து சொல்லுங்கள்" என்னும்போதுதான் காரியம் மாறுகிறது.

ரப்பர் ஸ்டாம்ப் என்றதும் அலுவலகத்துக்கு வருகிறேன். 1968இல், அண்ணா முதல்வராக இருந்தபோது, அரசு அலுவலகங்களில் கடவுள் படங்கள் வேண்டாம் என்று சுற்றறிக்கை போனது. இன்று எத்தனை அலுவலகச் சுவரில் படம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் தன் பர்ஸில் வைத்திருக்கும் படத்தைப் பற்றி நான் பேசவில்லை. சாதிச் சான்றிதழ் வாங்கப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணைப்படி, பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவர் ஆனால் அந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். ஆகவே நம் தாலுகா அலுவலகங்களில் "நீங்கள் என்ன மதம்?" என்பது சாதாரணக் கேள்வி கிடையாது. பிள்ளையின் படிப்பும் வேலையும் அந்தப் பதிலில் தொங்குகின்றன. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நிற்கும் ஒரு தாய், கேட்பவரின் தலைக்கு மேல் சுவரில் என்ன பார்க்கிறாள்? சிலுவைப் படம் என்றாலும், பிள்ளையார் படம் என்றாலும் எனக்கு ஒன்றுதான். அவள் ஒரு நொடி கூடத் தயங்கக் கூடாது.

பள்ளியில் காலையை எதைக் கொண்டு தொடங்குவது என்று கேட்பீர்கள். தமிழ்த்தாய் வாழ்த்து இருக்கிறது. 2021இல் மாநிலப் பாடலாகவே அறிவித்துவிட்டார்கள். எழுதிய சுந்தரனார் திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர், நம் பழைய நாட்டுக்காரர். மூலத்தில் பரம்பொருளைச் சொல்லும் வரிகளை விட்டுவிட்டுத்தான் பொதுவுக்கு எடுத்தார்கள். அது போதும். அதற்குப் பின் ஒரு குறள், ஒரு செய்தி, ஒரு நிமிட மௌனம். அந்த மௌனத்தில் பிள்ளை யாரை நினைக்கிறாள் என்று நாம் கேட்க வேண்டாம். அரசுப் பள்ளிக்கு என் கோரிக்கை இவ்வளவே.

எய்டட் பள்ளிகளுக்கு ஒரு தாள் எழுதிக் கொண்டு வந்திருக்கிறேன். சேர்க்கைப் படிவத்தில் சேர்க்க வேண்டிய இரண்டு வரிதான். "இப்பள்ளியில் காலை வழிபாடு உண்டு. என் பிள்ளை அதில் கலந்துகொள்ளச் சம்மதிக்கிறேன் / சம்மதிக்கவில்லை." கீழே ஒரு கையெழுத்து. சம்மதம் இல்லை என்றால், அந்தப் பத்து நிமிடம் பிள்ளை நூலக அறையில் இருக்க ஏற்பாடு வேண்டும். வெயிலில் தனியாக நிறுத்தக் கூடாது; காரணம் கேட்கக் கூடாது. நம் எய்டட் பள்ளிகளின் மேலாளர்களில் நியாயம் தெரிந்தவர்கள் நிறைய. கேட்டால் செய்வார்கள் என்றே நம்புகிறேன்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. உங்களில் பலர் அதில் உறுப்பினர்கள். படிவத்தின் நகல்கள் வாசல் பக்கத்து மேசையில் இருக்கின்றன. போகும்போது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தில் அதை மேசையில் வையுங்கள்.