வளைவுக்குள் கியர் ஏன் ஏறாமல் நிற்கிறது?

அடுத்த கேள்வி. ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "ஸ்போர்ட் மோடில் வளைவுக்கு முன்னால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். கார் மேல் கியருக்குப் போகாமல் மூன்றாவதிலேயே நின்றது. சாதாரண மோடில் அதே வேகத்தில் ஐந்தாவதுக்குப் போய்விடுகிறது. வளைவு வருவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு எப்படித் தெரிகிறது?"

தெரியாது. பெரும்பாலான கார்களில் கியர்பாக்ஸுக்குச் சாலை தெரியாது, உங்கள் கால்தான் தெரியும். ஜிபிஎஸ் பார்த்து முன்கூட்டியே கியரைத் தேர்ந்தெடுத்த கார்களும் உண்டு. 2013இல் வந்த ரோல்ஸ் ராய்ஸ் ரெய்த் அப்படி ஒன்று. அது தனிக் கதை.

அடிப்படைக் கணக்கு இரண்டே விஷயம்: வண்டி எவ்வளவு வேகமாகப் போகிறது, பெடலை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள். பழைய கார்களில் இதை ஆயில் பிரஷரே பார்த்துக்கொண்டது. இப்போது கம்ப்யூட்டர். கியர் ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் ஒன்றாக இருக்காது, நடுவில் இடைவெளி விட்டிருப்பார்கள். இல்லையென்றால் ஏறுவதும் இறங்குவதுமாகத் தடுமாறிக்கொண்டே இருக்கும்.

உங்கள் கேள்விக்குப் பதில் இந்த அடிப்படைக் கணக்கைத் தாண்டித்தான் இருக்கிறது. பெடல் எங்கே இருக்கிறது என்பதோடு, எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்பதையும் கம்ப்யூட்டர் பார்க்கும். காலை மெதுவாகத் தளர்த்தினால், 'சரி, இவர் நிதானமாகப் போகப்போகிறார்' என்று கியரை ஏற்றிவிடும். ஸ்போர்ட் மோடில் சட்டென்று எடுத்தால், அடுத்து பிரேக்கோ வளைவோ வரப்போகிறது என்று ஊகித்துப் பிடித்துவைக்கும். பிரேக்கைப் பலமாக மிதித்தால் கியரைக் குறைக்கவும் செய்யும். அப்புறம், கார் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்று சொல்ல ஒரு சென்சார் இருக்கிறது. அந்த விசை அதிகமாக இருக்கும்வரை கியர் மாற்றத்தைத் தள்ளிப்போடும். டயரின் பிடி முழுவதும் திரும்புவதற்கே செலவாகும் நேரத்தில், கியர் மாறி ஒரு குலுக்கல் வந்தால், பின்சக்கர டிரைவ் காரின் பின்பக்கம் வழுக்கலாம்.

முழுதாக மிதித்தால் ஏன் ரெட்லைன் (இன்ஜின் சுழல அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம்) வரை இழுக்கிறது என்றும் பலர் கேட்கிறார்கள். கியர்பாக்ஸ் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டியில் ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் கியரின் விகிதம் (கியர்பாக்ஸிலிருந்து ஒரு சுற்று வெளியே வர உள்ளே எத்தனை சுற்று வேண்டும் என்ற கணக்கு) 3.13, மூன்றாவது 2.10. 6,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) மாற்றினால் ஆர்பிஎம் முள் 4,400க்குப் பக்கத்தில் விழும். அங்கே கிடைக்கும் பவரைவிட 6,500இல் இருக்கும் பவர் அதிகம் என்றால் பழைய கியரிலேயே நிற்பதுதான் லாபம், உச்ச பவரைத் தாண்டியிருந்தாலும் சரி.

கம்ப்யூட்டரின் ஊகம் தவறுவதும் உண்டு. டூயல் கிளட்ச் கார்களில் ஒற்றைப்படை கியர்கள் ஒரு கிளட்சில், இரட்டைப்படை கியர்கள் இன்னொன்றில். மூன்றாவதில் விரட்டிக்கொண்டிருக்கும்போது, அடுத்து மேலே போவீர்கள் என்ற ஊகத்தில் நான்காவது தயாராகக் காத்திருக்கும். திடீரென்று இரண்டாவது வேண்டும் என்றால், நான்காவதை விட்டுவிட்டு இரண்டாவதைக் கோர்க்க வேண்டும். அந்தச் சின்னத் தயக்கத்தைக் கோளாறு என்று நினைத்து சர்வீஸுக்குக் கொண்டுபோகாதீர்கள். பிடிக்கவில்லையென்றால், வளைவுக்கு முன்பே ஸ்டியரிங்கின் இடது பேடிலை (கையால் கியர் மாற்றும் சிறு நெம்புகோல்) தட்டிக் கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த கியரில் இன்ஜின் ரெட்லைனைத் தாண்டிவிடும் என்று தெரிந்தால், எத்தனை முறை தட்டினாலும் கியர்பாக்ஸ் மாற்றாது.