பென்குவினைச் சுடாத கார்டன்: ‘கோத்தம்’ முதல் எபிசோட்

[காட்சி: ஆற்றங்கரை. பின்னணி இசை இல்லை.]

தண்ணீரிலிருந்து ஒருவன் தவழ்ந்து கரையேறுகிறான். போட்டிருக்கும் சூட் நனைந்து உடம்போடு ஒட்டிக்கிடக்கிறது. கரையில் ஓர் ஆள் தன்பாட்டுக்கு மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார். வந்தவன் அந்த ஆளைக் கொல்கிறான். அப்புறம் அவர் சாப்பிட வைத்திருந்த சாண்ட்விச்சை எடுத்து அவசர அவசரமாக வாயில் திணித்துக்கொள்கிறான்.

‘கோத்தம்’ தொடரின் முதல் எபிசோட் ஏறக்குறைய இங்கேதான் முடிகிறது. 2014 செப்டம்பர் 22 அன்று ஃபாக்ஸ் சேனலில் ஒளிபரப்பானது. தொடரை உருவாக்கியவர் ப்ரூனோ ஹெல்லர், இந்த எபிசோடை இயக்கியவர் டேனி கேனன். பேட்மேன் பிறப்பதற்கு முந்தைய கோத்தம் நகரத்தின் கதை.

ஸ்பாய்லர் இருக்கிறது. முதல் ஏழு எபிசோட் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், வீடியோ எங்கேயும் போய்விடாது.

சரி. ப்ரீக்வல், அதாவது தெரிந்த கதைக்கு முந்தைய கதை என்றாலே ஒரு சிக்கல் உண்டு. யார் என்ன ஆவார்கள் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். ப்ரூஸ் வெய்ன் பேட்மேன் ஆவான், ஜேம்ஸ் கார்டன் போலீஸ் கமிஷனர் ஆவார். துப்பாக்கி நெற்றியில் இருந்தாலும் இவர்கள் சாகமாட்டார்கள். சாகமாட்டார்கள் என்று தெரிந்த பிறகு எதற்கு நகத்தைக் கடிக்க வேண்டும்?

[காட்சி: காவல் நிலையம், நிக்மா; அடுத்து கிளப் மேடை.]

இதற்குச் சுலபமான ஒரு வழி இருக்கிறது. ‘பார்த்தீர்களா, இவர் யார் தெரிகிறதா?’ என்று ரசிகனைப் பார்த்துக் கண்ணடிப்பது. இந்த எபிசோடிலும் அது ஏராளம். தடயவியல் பிரிவில் எட்வர்ட் நிக்மா என்று ஒருவர், பதிலைச் சொல்லாமல் விடுகதை போடுகிறார். பின்னாளில் ரிட்லர் என்ற வில்லன். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சின்னப் பெண், பெயர் ஐவி, இவளும் பின்னாளில் வில்லி. கிளப் மேடையில் சிரிக்கவைக்க முயலும் ஒரு நகைச்சுவைக்காரர். அவர்தான் ஜோக்கரா என்று நம்மை யோசிக்கவிட்டு கேமரா நகர்ந்துவிடும். எனக்கு இதெல்லாம் முதல் தடவை ஜாலியாக இருந்தது, இரண்டாம் தடவை பார்த்தபோது சலித்துவிட்டது. பெயர்ப்பலகை மாட்டிவிட்டால் பாத்திரம் வளர்ந்துவிடுமா?

பேட்மேனின் எதிரி பென்குவின் விஷயத்தில் மட்டும் எழுத்தாளர்கள் வேறு வேலை செய்திருக்கிறார்கள்.

காமிக்ஸில் பென்குவின் 1941-லேயே வந்துவிட்டான். குடை, அசைந்து அசைந்து நடக்கும் நடை, மூக்கு. எல்லாருக்கும் தெரிந்த அடையாளங்கள். இந்த எபிசோடில் நாம் பார்ப்பது ஆஸ்வால்ட் காபிள்பாட் என்ற ஒல்லிப் பையனை. நடிப்பவர் ராபின் லார்ட் டெய்லர். ஃபிஷ் மூனி என்ற தாதாப் பெண்ணிடம் எடுபிடி. மழையில் அவளுக்குக் குடை பிடிப்பதுதான் வேலை. குடை வந்துவிட்டது, ஆனால் ஆயுதமாக வரவில்லை. அடிமைத்தனத்தின் அடையாளமாக வருகிறது. பென்குவின் என்று யாராவது கூப்பிட்டால் அவனுக்கு முகம் சுருங்கிவிடும்.

அப்புறம் நடை. ப்ரூஸின் அப்பா அம்மாவான வெய்ன் தம்பதி கொலையில் மரியோ பெப்பர் என்ற ஆளின் வீட்டில் முத்து மாலையைத் தடயமாக வைத்து, அவன்தான் கொலைகாரன் என்று கேஸை முடித்துவிடுகிறார்கள். அந்த உள்விவகாரத்தைப் போலீஸின் வேறொரு பிரிவுக்குப் போட்டுக்கொடுப்பவன் ஆஸ்வால்ட். ஃபிஷ் கண்டுபிடித்து, நாற்காலியைக் கொண்டே அவன் காலை அடித்து நொறுக்குகிறாள். இனிமேல் தொடர் முழுக்க அவன் நொண்டித்தான் நடப்பான். மறந்துபோய் நேராக நடந்துவிடக் கூடாது என்று டெய்லர் ஷூவுக்குள் ஒரு பாட்டில் மூடியைப் போட்டுக்கொண்டு நடித்திருக்கிறார். ஊரே சிரிக்கப்போகும் அந்த நடை, ஒருத்தி கொடுத்த தண்டனை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு உங்களால் பழையபடி சிரிக்க முடியாது.

[காட்சி: படகுத்துறை. கார், தூரத்தில் புல்லக்.]

இப்போது எபிசோடின் உயிர்நாடிக்கு வருவோம். நகரத்தின் பெரிய தாதா கார்மைன் ஃபால்கோனி. அவர் உத்தரவு: கார்டன் தன் கையாலேயே ஆஸ்வால்டைச் சுட வேண்டும், அப்போதுதான் அவர் ‘நம்ம ஆள்’ என்று நம்ப முடியும். கூட வேலை பார்க்கும் ஹார்வி புல்லக், கார் டிக்கியில் ஆஸ்வால்டைப் போட்டுக்கொண்டு வருகிறார். சுடாவிட்டால் கார்டனுக்கும் ஆபத்து, அவருக்கு வேண்டியவர்களுக்கும் ஆபத்து.

துறையின் விளிம்பு வரைக்கும் கார்டன் அவனை நடத்திக்கொண்டு போகிறார். ஆஸ்வால்ட் கெஞ்சுகிறான். உங்களுக்கு அடிமையாக இருக்கிறேன், ஒற்றனாக இருக்கிறேன், பெரிய சண்டை ஒன்று வரப்போகிறது, அப்போது நான் உதவுவேன் என்கிறான். கார்டன் துப்பாக்கியை அவன் தலைக்குப் பக்கத்தில் வைத்து, இந்த ஊர்ப் பக்கமே திரும்பி வராதே என்று காதோடு சொல்லி, காற்றில் சுட்டு, தண்ணீரில் தள்ளிவிடுகிறார்.

முதல்முறை பார்க்கும்போது இது கார்டனின் காட்சி. கார்டனாக நடிக்கும் பென் மெக்கென்சியின் முகத்தில்தான் நம் கண் இருக்கும். நேர்மையான அதிகாரி பொய் சொல்லக் கற்றுக்கொள்ளும் நிமிடம் அது. உயிரைக் காப்பாற்றிவிட்டார், ஆனால் கொலைகாரன் என்ற பெயரைச் சம்பாதித்துவிட்டார். அந்தப் பெயர் இருக்கும்வரைதான் பிழைக்க முடியும். பென்குவின் சாகமாட்டான் என்பது நமக்குத் தெரியும்தான். ஆனால் அவன் சாகாமல் இருப்பதற்கு யார் என்ன விலை கொடுத்தார் என்பது தெரியாதே. நகத்தைக் கடிக்க அது போதும்.

[காட்சி: ஏழாவது எபிசோட். ஃபிளாஷ்பேக்.]

ஆறாவது எபிசோட் முடியும் தறுவாயில் ஆஸ்வால்ட் காவல் நிலையத்துக்குள் தானே நடந்து வருகிறான். அவனைக் கொன்றதாகக் கார்டனைக் கைது செய்துகொண்டிருக்கும் நேரம். ‘நான்தான் ஆஸ்வால்ட் காபிள்பாட்’ என்று நிற்கிறான். புல்லக்கின் முகத்தைப் பாருங்கள், அந்த நடிப்புக்காகவே டோனல் லோக்குக்குத் தனி வீடியோ போடலாம்.

2014 நவம்பர் 3 அன்று வந்த ஏழாவது எபிசோடில் ஒரு குண்டைத் தூக்கிப் போடுகிறார்கள். ஃபால்கோனியிடம் ஆஸ்வால்ட் முன்பே பேசி முடித்திருக்கிறான். ஃபிஷ் உங்கள் முதுகில் குத்தப் பார்க்கிறாள் என்று காட்டிக்கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்கிறான். என்னைச் சுடும் வேலையை ஜேம்ஸ் கார்டனிடம் கொடுங்கள். அவர் மனசாட்சி உள்ள ஆள், சுடமாட்டார் என்று கணக்குப் போட்டிருக்கிறான்.

இங்கே வீடியோவை நிறுத்திவிட்டு முதல் எபிசோடைப் போட்டுப் பாருங்கள், நான் அதைத்தான் செய்தேன்.

[காட்சி: மறுபடி படகுத்துறை.]

அதே கெஞ்சல், அதே கண்ணீர். ஒரு வசனம்கூட மாறவில்லை. ஆனால் இப்போது காட்சி கைமாறிவிட்டது, கார்டனிடமிருந்து ஆஸ்வால்டுக்கு. கார்டனின் நல்ல குணம் என்று நாம் பாராட்டியதை அவன் சாவி மாதிரி எடுத்துப் பூட்டில் போட்டிருக்கிறான். இந்த இடைவெளியில் ஆஸ்வால்ட் மாறவே இல்லை, முதலிலிருந்தே இவன்தான். நமக்குத்தான் ஆறு வாரம் ஆகியிருக்கிறது அவனைப் புரிந்துகொள்ள. பாத்திர வளர்ச்சி என்பதை இப்படியும் செய்யலாம் என்று அதுவரைக்கும் நான் யோசித்ததில்லை.

ஆனாலும் கணக்கு மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. கார்டன் நினைத்தால் சுட்டிருக்கலாம். ஆஸ்வால்ட் தன் உயிரைப் பணயமாக வைத்து ஒருவனின் நேர்மை மேல் பந்தயம் கட்டியிருக்கிறான். கோத்தம் நகரத்திலேயே கார்டனை முழுசாக நம்பிய முதல் ஆள் இவனாகத்தான் இருப்பான். அடுத்த எபிசோட்களில் கார்டனை அவன் நண்பர் என்று அழைக்கும்போது அது பாதி தந்திரம், பாதி நிஜம். டெய்லர் அந்தப் பாதியைக் கடைசிவரைக்கும் விட்டுக்கொடுக்காமல் நடித்தார். தொடர் 2019 ஏப்ரலில் நூறாவது எபிசோடோடு முடிந்தது. அதில்தான் பேட்மேன் உடையில் ப்ரூஸ் வருகிறான். நேர்மையாகச் சொன்னால், எனக்கு அந்தக் கறுப்பு உடையைவிட இந்தப் படகுத்துறைதான் நினைவில் நிற்கிறது.

[காட்சி: ஆற்றங்கரை, மீன் பிடிப்பவர், சாண்ட்விச்.]

கடைசியாக, அந்தச் சாண்ட்விச். குடை, கண்ணீர், கெஞ்சல், யார் சுட வேண்டும் என்பது வரைக்கும் அவன் திட்டம் போட்டிருக்கலாம். மீன் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஆள் மட்டும் எந்தத் திட்டத்திலும் இல்லை. ஆஸ்வால்டுக்குப் பசித்தது, அவ்வளவுதான்.