பக்கவாதம் எங்கிருந்து வருகிறது?

[திரையில்: 1945 ஏப்ரல் 12, வார்ம் ஸ்பிரிங்ஸ், ஜார்ஜியா மாநிலம்]

அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தன்னை ஓவியமாக வரைவதற்காக உட்கார்ந்திருந்தார். பின்னந்தலை பயங்கரமாக வலிக்கிறது என்றார். அப்படியே சரிந்தார். சில மணி நேரத்தில் உயிர் போய்விட்டது. மூளைக்குள் ரத்தக்கசிவு, அதுவும் ஒரு வகைப் பக்கவாதம்தான். வயது 63.

வெளியில் இருந்தவர்களுக்கு அது திடீர் மரணம். ஆனால் ஒரு வருடம் முன்பே, 1944 மார்ச்சில், ஹோவர்ட் புருயென் என்ற இதய மருத்துவர் அவரைப் பரிசோதித்திருந்தார். ரத்த அழுத்தம் 186/108. இதயம் பெரிதாகித் தளர்ந்துகொண்டிருந்தது. சரிந்து விழுந்த அன்று அழுத்தம் 300/190ஐத் தாண்டியிருந்தது. இன்று நம்மிடம் இருப்பது போன்ற பிரஷர் மாத்திரைகள் அப்போது கிடையாது. உப்பைக் குறையுங்கள், ஓய்வெடுங்கள் என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. வயதானால் பிரஷர் ஏறத்தான் செய்யும், அதில் கை வைக்கக்கூடாது என்று நம்பிய மருத்துவர்கள் கூட அன்று பலர் இருந்தார்கள்.

அந்த நம்பிக்கையை உடைத்ததில் பெரிய பங்கு ஃபிராமிங்ஹாம் ஆய்வுக்கு உண்டு. 1948இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராமிங்ஹாம் ஊரில் 5,209 பேரைச் சேர்த்துக்கொண்டு, யாருக்கு என்ன நோய் வருகிறது, வருவதற்கு முன்னால் அவர்கள் உடம்பு எப்படி இருந்தது என்று வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பக்கவாதம் வந்தவர்களின் பழைய குறிப்புகளில் உயர் ரத்த அழுத்தம் திரும்பத் திரும்பத் தென்பட்டது.

[திரையில்: மூளையின் ஆழத்துக்குள் போகும் நுண்ணிய ரத்தக்குழாய்கள்]

பிரஷர் என்ன செய்கிறது? மூளையின் ஆழமான பகுதிகளுக்கு மிக மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் ரத்தம் போகிறது. வருடக்கணக்கில் அதிக அழுத்தம் தாங்கும்போது இந்தக் குழாய்களின் சுவர் கெட்டுப்போகிறது. ஒருவருக்குச் சுவர் தடித்து, உள்வழி குறுகி, அடைத்துக்கொள்ளும். இன்னொருவருக்குப் பலவீனமாகி வெடிக்கும். இரண்டுமே பக்கவாதம்தான். உலக அளவில் பெரும்பாலானவை அடைப்பால் வருபவை. கசிவால் வருபவை எண்ணிக்கையில் குறைவு, ஆனால் உயிரைப் பறிப்பதில் அவை கொடியவை. இதே அழுத்தம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் விட்டுவைப்பதில்லை. கெட்டுப்போன சிறுநீரகம் திரும்பவும் பிரஷரை ஏற்றிவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, அதான் மாத்திரைய நிறுத்திட்டேன்" என்று சொல்பவர்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். நார்மலாக இருப்பது மாத்திரையால்தான். நிறுத்தினால் பழையபடி ஏறும், ஏறியது பெரும்பாலும் உங்களுக்குத் தெரியவே தெரியாது. தலைசுற்றல் இல்லை, வலி இல்லை என்பதால் பிரஷர் இல்லை என்று ஆகாது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

சரி, அடுத்து இதயம். என் பார்வையில் நாம் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

[திரையில்: இதயத்தின் இடது மேலறை, அதன் ஓரத்தில் ஒரு சிறு பை]

சிலருக்கு இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் படபடவென்று நடுங்கும். நாடி பிடித்துப் பார்த்தால் தாளம் தப்பி ஓடும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதன் பெயர். மேலறை சரியாகப் பிழியாததால் அதன் ஓரத்தில் இருக்கும் சிறு பையில் ரத்தம் தேங்குகிறது. அசையாமல் வைத்த பால் தயிராகிற மாதிரி, தேங்கிய ரத்தம் கட்டியாகிறது. அந்தக் கட்டி நழுவிக் கிளம்பினால் நேராக மூளைக்குப் போய் ஒரு பெரிய குழாயை அடைக்கலாம். இந்தக் கோளாறு பக்கவாத ஆபத்தை ஏறக்குறைய 5 மடங்கு ஆக்குகிறது என்று அதே ஃபிராமிங்ஹாம் ஆய்வு காட்டியது.

இந்தியாவிலும் இலங்கையிலும் இதற்கு இன்னொரு கிளை உண்டு. சிறு வயதில் வந்த தொண்டைப் புண்ணுக்குச் சரியான சிகிச்சை இல்லாமல் போனால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சல் வரும். அது இதய வால்வைக் கெடுத்து, இடது மேலறையிலிருந்து ரத்தம் கீழே இறங்கும் மைட்ரல் வால்வு சுருங்கிவிடும். அதனால் மேலறையில் ரத்தம் தேங்கி, இதே போலக் கட்டியாகலாம். இருபது வருடம் கழித்து, முப்பது வயதில், அந்தப் பெண்ணுக்கோ ஆணுக்கோ பக்கவாதம் வரலாம். "இந்த வயசுல எப்படி?" என்று வீடே உடைந்துபோகும். காரணம் பள்ளிக்கூட நாள்களிலேயே உள்ளே வந்துவிட்டது.

இப்படி இதயத்தில் கட்டி உருவாவதைத் தடுக்க மருந்து இருக்கிறது. வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனால் வரும் பக்கவாதத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கும். வார்ஃபரின் எடுப்பவர்கள், ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையை விடக்கூடாது. மருந்து அதிகமானால் ரத்தக்கசிவு, குறைந்தால் கட்டி. இந்த இடத்தில் ஆஸ்பிரின் இதற்கு மாற்றாகாது.

சுகரைப் பற்றிப் பலருக்கும் தெரியும், அதனால் சுருக்கமாக: அது குழாய்களின் உள்சுவரைக் கெடுத்து, கொழுப்பு படிவதை வேகப்படுத்துகிறது. புகையும் அதையே செய்கிறது. ஆனால் சர்க்கரை மிகவும் இறங்கினாலும் பேச்சு குழறி, ஒரு பக்கம் கை கால் தளர்ந்து, பக்கவாதம் போலவே தெரியலாம் என்பது அவ்வளவாகத் தெரியாத விஷயம். அதனால்தான் மருத்துவமனையில் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள்.

[திரையில்: கோணிய வாய், தூக்க முடியாத கை, குழறும் பேச்சு, கடிகாரம்]

இப்போது அறிகுறிகள். வாய் ஒரு பக்கம் கோணுகிறது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே விழுகிறது. பேச்சு குழறுகிறது, அல்லது நீங்கள் சொல்வது அவருக்குப் புரியவில்லை. திடீரென்று பார்வை போவதும், நிற்க முடியாமல் தள்ளாடுவதும் கூட அறிகுறிதான். உடனே 108. அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கே போங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். வீட்டிலிருக்கும் ஆஸ்பிரினையும் கொடுக்க வேண்டாம். அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், கசிவாக இருந்தால் அந்த மாத்திரை கெடுதல். புறா ரத்தம் தேய்க்க அலைகிற நேரத்தில் மூளை செத்துக்கொண்டிருக்கும்.

பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டால்? அப்போதும் போக வேண்டும், அன்றைக்கே. அடுத்த சில நாள்களில் முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து அப்போதுதான் மிக அதிகம். கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன், இ.சி.ஜி., எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்து எங்கிருந்து வந்தது என்று தேடுவார்கள். ஒரு தடவை எடுத்த இ.சி.ஜி.யில் பிடிபடாத துடிப்புக் கோளாறு, ஒரு நாள் முழுக்க மாட்டியிருக்கும் ஹோல்டர் கருவியில் அகப்படலாம். அதனால் "ஹோல்டர் வேண்டுமா?" என்று நீங்களே கேட்கலாம்.

அப்புறம், வீடு திரும்பிய பிறகு நடப்பது. விழுங்குவது சரியாகும் முன்பே சோறு ஊட்டினால் அது மூச்சுக்குழலுக்குள் போய் நுரையீரல் தொற்று வரலாம், பரிசோதித்து அனுமதித்த பிறகே கொடுக்க வேண்டும். சிலருக்கு வலிப்பு வரலாம், சிலருக்கு ஞாபகம் மங்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பயிற்சி செய்ய மாட்டேன் என்கிறார், சாப்பாட்டைத் தள்ளுகிறார், சும்மா அழுகிறார் என்றால் அதைப் பிடிவாதம் என்று திட்டாதீர்கள். சிகிச்சை உண்டு, அது கிடைத்தால் கை கால் பயிற்சியிலும் மனசு செல்லும். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது நடை எப்படி என்பதோடு தூக்கம், பசி, அழுகை பற்றியும் சொல்லுங்கள்.