ஆச்சிக்குச் சாயந்திரமானால் கால் ஏன் வீங்குகிறது?

வணக்கம் மக்களே. காரைக்குடியில் ஒரு பலகாரக் கொட்டகைக்குப் பின்னால் நிற்கிறேன். மணகோலத்துக்குப் பிழிகிற மாவு எண்ணெயில் விழுகிற சத்தம் உங்களுக்கும் கேட்கும். இங்கே நாளெல்லாம் அடுப்படியில் நிற்கிற ஆச்சி கேட்டார்கள்: "ரத்தத்தை இதயம் கீழே அனுப்புது, சரி தம்பி. அது மேலே எப்படி ஏறுது?"

நல்ல கேள்வி. இதயத்தின் இடது கீழறை ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி ரத்தம் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். பிபி 120/80 என்கிறோமே, அது தமனியில், அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகிற குழாயில் உள்ள அழுத்தம். மயிரிழை போன்ற தந்துகிகளைத் தாண்டி, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகிற சிரைக்குள் நுழையும்போது அந்த வேகமெல்லாம் அடங்கிவிடும்.

அசையாமல் நின்றால், மேலே உள்ள ரத்தத்தின் பாரமே கணுக்கால் சிரையில், பிபி சொல்கிற அதே கணக்கில், 90 அளவுக்கு அழுத்தம் கொடுக்கும். நீர் கசிந்து கால் வீங்குவது இதனால்தான். நடந்தால் கெண்டைக்கால் தசை இறுகி, சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே ஏற்றும். அழுத்தம் 30-க்கும் கீழே வந்துவிடும். ஏறியது இறங்காமல் பார்த்துக்கொள்வது சிரைக்குள் இருக்கிற வால்வுகள்.

வால்வை நம்ப மாட்டேன் என்பவர்கள் கையைத் தொங்கப் போடுங்கள். முன்கையில் புடைத்த ஒரு சிரையை, மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்துங்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கை நோக்கி நீவிவிட்டு, அந்த விரலை மட்டும் எடுங்கள். பாருங்கள், வால்வு வரைக்கும் சப்பையாகவே கிடக்கிறது! மேலிருந்து ரத்தம் இறங்கவில்லை. கீழ் விரலையும் எடுத்தால் உடனே நிரம்பிவிடும். இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-இல் ரத்தம் சுற்றி வருகிறது என்று நிறுவியபோது காட்டிய சோதனை இதுதான். கருவி ஒன்றும் வேண்டாம் என்பதால் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆச்சிக்குச் சொன்னது இவ்வளவுதான்: நின்ற இடத்திலேயே அடிக்கடி குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், ஓய்வில் காலை உயர்த்தி வையுங்கள். வால்வு தளர்ந்து சிரை சுருண்டு புடைத்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அது கழன்றால் இதயத்தின் வலப்பக்கம் வழியாக நேராக நுரையீரலில் போய் அடைக்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.